மே மாதத்துக்கு செஸ் என்று சொன்னார்

தி.நகரில் ஐந்து மாடித் துணிக்கடை ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர் கங்காதரன். வயது நாற்பத்து மூன்று. காலை பத்து மணிக்கு உள்ளே ஏறினால் கடை சாத்தும் வரை மேலும் கீழும்தான். நாள் முழுக்கப் போனாலும் போய்ச் சேர்ந்த இடம் என்று ஒன்று கிடையாது. அந்த எரிச்சல்தான் அவரைப் பிடித்து ஆட்டியது.

தொண்ணூற்றாறு டிசம்பரில் ஒரு நாள் வேர்க்கடலை மடித்த காகிதத்தில் பாதிக் கட்டுரை படித்தார். எங்கேயோ ஒரு ஆள் மாதம் ஒரு புது வித்தை பழகுகிறானாம். மீதிக் கட்டுரை கிழிந்து போயிருந்தது. நமக்குப் பாதி போதும் என்று நினைத்துக்கொண்டார். பொங்கலுக்கு முன்னாலேயே மவுத் ஆர்கன் வாங்கி லிஃப்டுக்குள் ஊதி, மேனேஜரிடம் திட்டு வாங்கினார். பிப்ரவரியில் ஆறு கலர் கியூப். இரண்டு பக்கம் சேர்ந்தது, மூன்றாவது பக்கம் கடைசி வரை சேரவில்லை. மார்ச்சில் ரோஜாத் தொட்டி. அவர் குடியிருக்கும் நொச்சிக்குப்பத்து உப்புக்காற்றில் ரோஜா பத்து நாள் தாங்கியதே பெரிசு. ஏப்ரலில் காகிதம் மடித்துக் கொக்கு, தாமரை, படகு. அது மட்டும் நன்றாக வந்தது.

மாதக் கடைசி ஞாயிறு அவர் பழகியதை எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும். இந்த வழக்கத்தைக் கிளப்பிவிட்டது அவர் மனைவி எஸ்தர். குப்பத்தை ஒட்டிய ரோட்டோரத்தில் குடை நட்டு, பலகை போட்டு மீன் விற்கிறவள். சாந்தோம் பக்கத்து வேதக்கார வீட்டுப் பெண். கட்டிக்கொண்டு பதினாறு வருஷம் ஆகிறது. புருஷன் ஊதினாலும் மடித்தாலும் அவளுக்குப் பெருமைதான். வாங்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, "இருங்க, எங்கூட்டுக்காரரு இன்னா கத்துக்கினு வந்துகீறாருன்னு பாத்துட்டுப் போங்க" என்பாள். குப்பமே அவருக்கு மாசக்காரர் என்று பேர் வைத்துவிட்டது.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, எஸ்தரின் குடைக்கம்பியில் முப்பது கொக்கு தொங்கியது. எஸ்தரின் தம்பி அருளப்பன் போட்டிலிருந்து இறங்கி வந்தவன், இடுப்பில் கை வைத்துப் பார்த்தான்.

"இன்னா மாமா, தொட்டியில பூவு, காயிதத்துல கொக்கு. எல்லாம் கரையில ஆடற ஆட்டமாவே கீதே? வர்ற மாசம் தண்ணில எறங்கு. நம்ம போட்டு வரைக்கும் நீஞ்சிட்டு வா பாப்பம்."

கூட்டம் சிரித்தது. எஸ்தர் மீன் வெட்டுகிற கத்தியை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

"டேய், அவுரு நீஞ்சறத நீ பாக்கணுமாடா? புயல்ல அறுத்துக்கினு போன கட்டுமரத்த ஒண்டியா நீஞ்சிப் போயி இட்டாந்தவருடா! கால்ல தழும்பு கீது, வந்து பாரு!"

கங்காதரன் காலை லுங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

அந்தத் தழும்பு லிஃப்டின் மடக்குக் கதவு கொடுத்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. ஏழு வயதில் அப்பன் கடலில் மூழ்கிப் போனதும், அவர் அம்மா மகனை அலையில் கால் நனைக்கக்கூட விடவில்லை. சைதாப்பேட்டையில் மாமன் வீட்டில் வளர்ந்து, அங்கிருந்தே வேலைக்குப் போனவர். இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெண் பார்க்கப் போன அன்று எஸ்தரின் அப்பா, "மாப்பிள்ளைக்குக் கடலே தெரியாதாமே" என்று இளப்பமாகக் கேட்டபோது, பக்கத்து அறையில் வளையல் சத்தம் கேட்டது. இவர் காலைக் காட்டிக் கட்டுமரக் கதையை அவிழ்த்துவிட்டார். அன்றையிலிருந்து எஸ்தர் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை சொல்லும்போது கட்டுமரம் ஒன்று. இன்னொரு தடவை இரண்டு.

அந்த மே மாதமாவது பொய்யை உண்மை ஆக்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. "மே மாசம் செஸ்சு" என்று எல்லாரிடமும் அறிவித்தார். "பனகல் பார்க்குல காலைல ஆடறாங்க. போயிக் கத்துக்கப் போறேன்."

போனது கடற்கரை ரோட்டு நீச்சல் குளத்துக்கு. குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம். யார் கண்ணிலும் படக் கூடாது என்று முதலில் ஒரு பஸ் பிடித்து மயிலாப்பூர் கோயில் குளத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறிக் கடற்கரைக்குத் திரும்பி வருவார். கோடை லீவு, தண்ணீர் முழுக்க வாண்டுகள். நடுவில் ஆரஞ்சு நிற டியூபுக்குள் வயிற்றை நுழைத்துக்கொண்டு கங்காதரன். சொல்லிக்கொடுக்கிற ஷரஃபுதீன் கழுத்தில் விசிலோடு மேட்டில் நிற்பார்.

"தலைய முக்குங்க சார். தண்ணி கடிக்காது."

முக்க வரவில்லை. மூக்குக்கிட்டே தண்ணீர் வந்ததும் கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது.

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிமெண்டு பெஞ்சில் பையன்களின் அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து மகனை அழைத்துவரும் விஜயலக்ஷ்மி என்ற அம்மாள் ரொம்ப மரியாதைக்காரர். இரண்டாம் நாளே பேச்சுக் கொடுத்தார்.

"சார் எங்கேர்ந்து வரேள்?"

குப்பத்து ஆள் குளத்தில் டியூபோடு என்று எப்படிச் சொல்வது? "தரமணிங்க" என்றார்.

"அதான். சமுத்திரம் பக்கத்துல இருந்திருந்தா அப்பவே கத்துண்டிருப்பேள். ஆத்துல அவா என்ன பண்றா?"

"டீச்சருங்க."

முதல் பொய் யோசித்துச் சொன்னது. இது யோசிக்காமல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர் போல அன்று பூராவும் லிஃப்டில் நின்றார். தெரியாமல் என்ன? ஒரு தடவை லிஃப்டில் ஒரு பட்டுப்புடவைக்காரி மூக்கைச் சுளித்து, "என்ன மீன் வாடை" என்றாள். அது இவர் சட்டையிலிருந்து வந்த வாடை. எஸ்தர் அன்று காலையில் மீன் வெட்டிய கையோடு மடித்துக் கொடுத்த சட்டை. இவரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, வேறு யாரோ என்பது மாதிரி சுற்றிலும் பார்த்தார். அங்கிருந்துதான் வந்தது.

இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஷரஃபுதீன் வீட்டில் விருந்தாம். வஞ்சிரம் வேண்டும் என்று முதல் நாளே ரோட்டோரத்தில் ஒரு மீன்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த மீன்காரி எஸ்தர் என்பது கங்காதரனுக்கு எப்படித் தெரியும்?

தலையில் அலுமினியக் கூடையோடு எஸ்தர் கம்பித் தடுப்புக்கு அருகில் வந்து நின்றபோது, கங்காதரன் ஆழமில்லாத பக்கத்தில் டியூபை மாட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். பார்த்தார். டியூபுக்குள்ளேயே சரிந்து தலையைத் தண்ணீருக்குள் முக்கினார்.

இருபது நாளாக வராதது அன்றைக்கு வந்தது. மேலே விசில் ஊதிற்று. "பாத்தீங்களா! தரமணி சார் முக்கிட்டாரு!" என்று ஷரஃபுதீன் கத்துவதும் வாண்டுகள் கை தட்டுவதும் தண்ணீருக்குள் எங்கோ தூரத்தில் கேட்டது. அப்படியே இருந்துவிட முடிந்தால் இருந்திருப்பார். மூச்சு முட்டியது. இருமிக்கொண்டே மேலே வந்தார். எஸ்தர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

"அந்த டியூபு மாட்டிக்கினு கீறவரு யாரும்மா?" என்று விஜயலக்ஷ்மி அம்மாளிடம் கேட்டாள்.

"அவரா? தரமணிலேர்ந்து வரார். பாவம், இந்த வயசுல சிரத்தையாக் கத்துக்கறார். ஆத்துக்காரி டீச்சராம்."

எஸ்தர் அவரைப் பார்த்தாள். நடுவில் பத்தடி தண்ணீர்தான். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். "எஸ்தரு" என்று பேரைச் சொல்லியிருந்தால்கூடப் போதும். கங்காதரன் முதுகைக் காட்டித் திரும்பி, டியூபைச் சரி செய்கிற மாதிரி தடவிக்கொண்டிருந்தார்.

"டீச்சரா?" என்றாள் எஸ்தர். "நல்லதும்மா."

கூடையை இறக்கினாள். ஷரஃபுதீனுக்கு மீனை எடுத்துக் கொடுத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை துடைத்தாள். போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் துடைப்பத்தால் நாலு சாத்துவாள் என்று எதிர்பார்த்தார். சாத்தவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். தினமும் "செஸ்சு இன்னா ஆச்சு?" என்று கேட்கிறவள் அன்றைக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். மறுநாள் காலையில் அவருடைய யூனிபார்ம் சட்டையை எடுக்குமுன் எலுமிச்சை மூடியால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். அதைப் பார்த்துவிட்டுக் கங்காதரன் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். குளத்துப் பக்கம் அதோடு போகவில்லை.

ஞாயிறு வந்தது. மாதக் கடைசி. எஸ்தர் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை. பழக்க தோஷத்தில் கூட்டம் தானாகச் சேர்ந்தது. அருளப்பன் மன்றத்திலிருந்து செஸ் பலகையை வாங்கிவந்து, மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தான்.

"வா மாமா. குதிர எப்டி போவும், காட்டு."

"தெரியாது" என்றார் கங்காதரன்.

"ஒரு மாசம் போனியே?"

"செஸ்சுக்குப் போவல. பீச்சு நீச்சல் கொளத்துக்குப் போனேன். எனுக்கு நீச்சல் தெரியாது. கட்டுமரத்த இஸ்துக்கினு வந்ததெல்லாம் பொய்யி. கொயந்தைங்ககூட டியூபு மாட்டிக்கினு கத்துக்கினு இருந்தேன்."

ரோட்டில் போன பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்கள். "கடலு பக்கத்துல குந்திக்கினு டிக்கெட்டு வாங்கி நீஞ்சனானாம்!" என்று ஒருவன் மணலில் விழுந்து புரண்டான். "டியூபு இன்னா கலரு மாமா?" என்றான் அருளப்பன்.

"ஆரஞ்சு."

மறுபடி சிரிப்பு. கங்காதரனும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்போடு முடித்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று அவருக்கே தெரிந்தது. எஸ்தர் குனிந்த தலை நிமிராமல் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டுகிற கை மட்டும் நின்றுவிட்டது.

"இன்னொண்ணும் கீது" என்றார். "அங்க ஒரு அம்மா கேட்டாங்க. நான் தரமணின்னு சொல்லிட்டேன். பொண்டாட்டி டீச்சருன்னு சொல்லிட்டேன். இது மீன் கூடையோட அங்க வந்து நின்னுது. தெரியாத மாரி திரும்பிக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. மணலில் கிடந்தவன் எழுந்து தட்டிக்கொண்டான். பக்கத்துப் பலகை கெங்கம்மா மட்டும் காறித் துப்பினாள். "டீச்சரு கேக்குதா உனுக்கு? த்தூ."

அருளப்பன் செஸ் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான். மாமாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தத் தழும்பு?" என்று எஸ்தர் கேட்டாள். ஐந்து நாளைக்கு அப்புறம் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"லிஃப்டு கதவு."

அவள் தலையாட்டினாள். கையில் இருந்த மீனை முடித்துப் பலகையில் வைத்தாள். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பக்கெட்டைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"தண்ணி மொண்டுனு வா. பம்புல இல்ல. கடல்ல."

பதினாறு வருஷமாக அடிபம்பில்தான் அவர் தண்ணீர் பிடித்திருக்கிறார். பக்கெட்டை எடுத்துக்கொண்டு மணலில் நடந்தார். பின்னால் யாராவது கேலி பேசினால் தேவலை போலிருந்தது. முட்டி அளவு தண்ணீரில் நின்று, வருகிற அலையில் மொண்டார். லுங்கி நனைந்து காலைக் கவ்வியது. தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார்.

எஸ்தர் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அடில மண்ணு கீது. உள்ள போயி மொள்ளு."

தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டு அவர் திரும்பவும் கடலைப் பார்த்து நடந்தார். இடுப்பு வரைக்கும் போனார். ஒரு அலை மார்பில் அறைந்தது. கழுத்து நிமிர்ந்துகொண்டது. பக்கெட்டை விடவில்லை. திரும்பி வந்து வைத்தார். அவள் பார்த்தாள். கையை விட்டு அடியில் துழாவினாள்.

"இன்னும் கீது" என்றாள்.

அவர் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் போனார்.