கொள்ளிடக் கரையில் நாத்தனார் சைக்கிள்

சரளைக் கல்லின் மேல் சைக்கிள் ஓடும் சத்தம், இரும்புச் சட்டியில் சுடுமணலோடு நெல் பொரிகிற சத்தம் போலவே இருக்கும். அதை முதன்முதலில் என் காலுக்குக் கீழே கேட்டபோது எனக்கு இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ வயது. இடுப்பில் குடம் இல்லை, தலையில் புல்லுக்கட்டு இல்லை, பின்னால் பிடித்துக்கொண்டிருக்க ஆளும் இல்லை. பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்ன என் நாத்தனார் எப்போதோ கையை விட்டுவிட்டு, வெகு தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அது தெரிந்ததும் பயந்து விழுந்திருக்க வேண்டும். நான் விழவில்லை. இன்னும் வேகமாக மிதித்தேன்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கட்டிக் கொடுத்த ஊரில் அவர் புருஷன் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். அண்ணி அழுதுகொண்டு திரும்பி வரவில்லை. பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டி, அந்த ஆள் விட்டுப்போன சைக்கிளின் மேல் வைத்து, ஏழு மைல் தள்ளிக்கொண்டே எங்கள் ஊர் வந்து சேர்ந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், "ரெண்டு சக்கரத்துல ஒண்ணு ஓடிப்போச்சு, மிச்சத்தக் கொண்டாந்துட்டேன்" என்பார். கேட்டவர்கள்தான் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

நான் பிறந்தது விக்கிரமங்கலம், மானாவாரிப் பூமி. மழையைப் பார்த்து வளர்ந்தவளே தவிர ஆற்றைப் பார்த்து வளர்ந்தவள் இல்லை. கொள்ளிடத்தின் வடகரை எனக்கு அப்போது புது உலகம். கரையின் மேலே சரளை போட்ட பாதை கண்ணுக்கெட்டிய தூரம் போகும். ஒரு பக்கம் ஆறு, நாணல், மூங்கில் புதர், மணல் திட்டில் வரிசையாக இறக்கையை விரித்துக் காய வைக்கும் நீர்க்காக்கை. இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயலும் கருவேலங்காடும். கரை உடைந்துவிடும் என்று வண்டி மாட்டுக்குக்கூட அங்கே அனுமதி கிடையாது. பஸ் இல்லை, லாரி இல்லை, கட்டை வண்டி இல்லை. மயில் நடுப்பாதையில் நின்றுகொண்டு நமக்கு வழி விடாது. ஊருக்கு மேற்கே ஒரு மைலில் பாதையை மறித்து இரும்புச் சங்கிலி போட்டு, பக்கத்தில் ஒரு கொட்டகையில் லஸ்கர் இருப்பார். கரையைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்கக் காவல்காரருக்கு அதுதான் பெயர். அந்தக் கொட்டகையில் எந்நேரமும் நாலு ஆண்கள் சீட்டாடுவார்கள். ஆகவே நாங்கள் சைக்கிள் பழகியது கிழக்குப் பக்கம்தான். அங்கே மதகு வரைக்கும் ஒரு வீடு கிடையாது. நடவு முடிந்த சாயங்காலங்களில் விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவோம். பொறுக்கவும் செய்வோம், பொய் சொல்லக்கூடாது அல்லவா.

அது குறுக்கே பார் வைத்த ஆம்பளை சைக்கிள். ஓடவிட்டுத் தாவி ஏறுவதெல்லாம் சேலையில் நடக்கிற காரியமா? அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். கரையோரம் பர்லாங்குக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள், முழங்கால் உயரம். நடவுக்கு இறங்குகிற மாதிரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடது காலைக் கல்லின் மேல் வைத்து, வலது காலை பாருக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்து, கல்லை ஓர் உதை உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். அடுத்த கல் வந்ததும் அதன் மேல் காலை ஊன்றி நிற்க வேண்டும். கல் தவறினால் புல்லில் விழ வேண்டும். இப்படிக் கல்லுக்குக் கல் நாங்கள் போன போக்கு இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். காற்று காதுக்குள் புகுந்து வெளியே போகும். உடம்பில் எலும்பே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டுதான் வருவோம். கிழக்கே போகையில் கல் இடது கைப்பக்கம், வருகையில் வலது கைப்பக்கம். கல்லைச் சுற்றிக்கொண்டு வரலாம் என்றால், கல்லுக்கு அந்தப் பக்கம் கரை சரிந்து பள்ளம். போவதற்குச் சைக்கிள், வருவதற்கு நடை. உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் பழகுவார்கள் போலிருக்கிறது என்று நாங்கள் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

சத்துணவு வந்த புதிது. புருஷன் விட்டுப்போன பெண்களுக்கு ஆயா வேலையில் முன்னுரிமை உண்டு என்று கேள்விப்பட்டு, அண்ணியும் நானும் ஒரு சனிக்கிழமை அரியலூர் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு, ஒரே ஓர் இடம் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து கரை வழியே நாலு மைல், பஸ் கிடையாது, எட்டு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும், எப்படி வருவாய் என்று கேட்டார். அண்ணி யோசிக்கவே இல்லை. "சைக்கிள்ல வருவேங்க" என்றார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் வந்துவிடு, எட்டு மணிக்கு அடுப்பு எரியவில்லை என்றால் அந்த ஊரிலேயே இன்னொரு பெண் காத்திருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார். அண்ணிக்கு அந்த வேலை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் ஒவ்வொரு கவளத்தையும் அவர் எண்ணித்தான் விழுங்கினார். நான் போட்ட சோற்றையும்கூட.

பஸ்ஸில் வரும்போது வழி நெடுக இரண்டு பேரும் ஒரே சிரிப்பு. இறங்கிக் கரையேறியதும் எனக்குச் சுருக்கென்றது.

"அண்ணி, அந்த ஊரு மேக்கால்ல இருக்கு?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"கல்லு எந்தப் பக்கம் இருக்கும்?"

அவர் கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார், தன் இரண்டு கையையும் பார்த்தார். பிறகு அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் பிடித்துக்கொண்டு ஏற்றிவிடலாம். ஆனால் சங்கிலியிடம் இறங்கியே தீர வேண்டும். அதற்கப்புறம் மூன்று மைல், பிடிக்க ஆளில்லை. லஸ்கரைப் பிடிக்கச் சொல்லலாமே என்றேன். "சீட்டாடுறவன் முன்னால ஒருத்தன் என் சைக்கிளப் புடிக்கணுமா? நாளைக்கே ஊரு என்னைய அவனுக்குக் கட்டி வச்சிரும் புள்ள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேற்கே முதல் கல்லுக்கு வந்துவிட்டோம். இப்போது வலது காலைக் கல்லில் ஊன்றி, இடது காலைத் தூக்கிப் போட வேண்டும். கேட்பதற்கு என்னவோ சின்ன விஷயம். உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. அண்ணி ஆறேழு தரம் விழுந்தார், முழங்கையில் தோல் வழன்றது. கடைசியில் சைக்கிளை என் பக்கம் தள்ளி, நீ பாரு என்றார். நான் இடதுகைக்காரி. கதிர் அறுக்கும்போது அரிவாள் பக்கத்து ஆளின் கையில் பட்டுவிடும் என்று என்னை எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிறுத்துவார்கள். வந்த புதிதில் அதற்காக நான் வாங்காத பேச்சு இல்லை. அந்தக் காலையில் வலது காலைக் கல்லில் வைத்தேன், இடது காலைத் தூக்கினேன், மூன்றாம் தடவை வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு மேற்கே பறந்தது. இத்தனை நாள் நான்தான் தப்பான பக்கம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன்! அப்புறம் மதியம் வரைக்கும் அண்ணிக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கீழே பார்க்காதீங்க அண்ணி, காலை நினைக்காதீங்க, தூரத்து மூங்கிலைப் பாருங்க என்றேன். பொழுது சாயும்போது பத்துக்கு ஆறு தடவை ஏறினார்.

திங்கட்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே ஏற்றிவிட்டேன். வீட்டில் இருக்க மனம் கேட்கவில்லை, பின்னாலேயே ஓடினேன். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது அண்ணி சங்கிலிக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தார். கொட்டகையில் சீட்டு நின்றுபோயிருந்தது. லஸ்கர் எழுந்து வந்து, "நான் வேணா புடிக்கட்டுமாம்மா?" என்றார். நல்ல மனுஷர்தான், தப்பாகக் கேட்கவில்லை. அண்ணி அவரைத் திரும்பிப் பார்க்காமல், "கல்லு இருக்குங்கண்ணே" என்றார்.

முதல் தடவை கால் வழுக்கியது. கொட்டகையில் ஒருவன் சிரித்தான். நான் ஓடிப்போய்ப் பிடித்திருப்பேன், அண்ணி பார்த்த பார்வையில் அப்படியே நின்றேன். இரண்டாம் தடவை சேலையை இன்னும் ஒரு சுற்று இழுத்துச் செருகினார். தூரத்து மூங்கிலைப் பார்த்தார். கல்லை உதைத்த உதையில் சரளை தெறித்து லஸ்கர் காலில் விழுந்தது. நீர்க்காக்கைகள் ஒரே சமயத்தில் எழும்பின. அதற்குள் அண்ணி அடுத்த கல்லைத் தாண்டிவிட்டார். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிக்கிறேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. லஸ்கர் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணி அந்த வேலையில் வயதாகி ஓய்வு பெறும்வரை இருந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து பிள்ளைகள் தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, கியர் வைத்த சைக்கிளில் அதே கரைக்கு வருகிறார்கள். பறவை பார்க்கிறோம், காற்று வாங்குகிறோம், இங்கே வண்டித் தொல்லை இல்லை பாட்டி என்கிறார்கள். நன்றாக ஓட்டுங்கள் என்று சொல்வேன். நாங்களும் அதற்காகத்தான் ஓட்டினோம். வேலை அப்புறம்தான் வந்தது.

அந்த முதல் நாள் சாயங்காலம் நான் சங்கிலியிடம் போய்க் காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து அண்ணி வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. வேலை போய்விட்டதா, வண்டி உடைந்துவிட்டதா? கிட்டே வந்ததும் புகை வாசமும் பருப்பு வாசமும் அடித்தது.

"எட்டுக்கு முன்னாடியே அடுப்பு எரிஞ்சுது புள்ள. அறுபது பிள்ளைவோ சாப்புட்டுச்சுவோ."

"பின்ன ஏன் தள்ளிட்டு வரீங்க?"

"நேத்து பூரா நீ சொல்லிக் குடுத்ததுல பழைய பக்கம் ஏறுறது மறந்துபோச்சு. நாலு கல்லுல விழுந்தேன். போடி, நடந்தே வந்துட்டேன்."

கரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தோம். பிறகு சைக்கிளை என் பக்கம் திருப்பினார். உனக்குத்தான் ரெண்டு பக்கமும் வருமே, ஏறு என்றார். கொட்டகையில் ஆட்கள் இருக்கிறார்களே, ஊருக்குள் வேறு போக வேண்டுமே என்று நான் தயங்கினேன். அதுவரை எங்களைச் சைக்கிள் மேல் ஊருக்குள் யாரும் பார்த்ததே இல்லை.

"இனிமே இது ஆயாம்மா சைக்கிளு. எவன் கேப்பான்? ஓட்டு புள்ள, நான் பின்னால வரேன்."

இடது காலைக் கல்லில் வைத்து உதைத்தேன். கரையிலிருந்து இறங்கி, கோயில் வாசலைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, மணியடித்துக்கொண்டே எங்கள் தெருவுக்குள் போனேன்.