கில்ன் என்றால் அடுப்படி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், எம்.ஏ. ஆங்கிலம் படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் கில்ன் என்ற ஆங்கிலச் சொல் எனக்கு முன்பே அம்மாவுக்குத் தெரியும். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்கள் சூளை என்பதைச் செங்கல்லுக்கு விட்டுவிட்டார்கள். பொம்மையும் கோப்பையும் வேகும் அறை அவர்களுக்குக் கில்ன்தான்.

ஒரு நாள் கல்லூரி நூலகத்து அகராதியில் அந்தச் சொல்லின் வேரைத் தேடினேன். லத்தீனில் குலினா, சமையல் செய்யும் இடம், அடுப்படி. ஆங்கிலத்துக்கு வந்தபின் அது மண்ணைச் சுடவும் சுண்ணாம்பு எரிக்கவும் தானியம் உலர்த்தவும் உள்ள உலைக்குப் பெயராகிவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா வேலை செய்யும் பட்டறையில், ஆறிக்கொண்டிருக்கும் கில்னுக்குள் சோற்றுத் தூக்குகளை வைத்துத்தான் பெண்கள் சூடு பண்ணுவார்கள். சொன்னால் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். உடனே பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. பட்டறையில் அப்பாவின் தங்கை மண் பிசைந்துகொண்டிருந்தார்.

"இங்கிலீசு டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்திரிங்கடி!"

"அம்மா எங்க அத்தை?"

"அண்ணி தூக்கு எடுக்க உள்ள போனாங்க. போயி ரொம்ப நேரமாவுதே..." அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது.

மழைச்சாரலுக்காகக் கில்ன் கதவை முக்கால்வாசி சாத்தியிருந்தார்கள். "அம்மா!" என்றேன். பதில் இல்லை. கதவை இழுத்ததும் அனல் முகத்தில் அறைந்தது. அத்தை ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன். சரக்கு அடுக்கும் தட்டுகளுக்கு நடுவில் அம்மா சுருண்டு கிடந்தார். ஆளுக்கொரு காலைப் பிடித்து வெளியே இழுத்து, மழையில் கிடத்தினோம். மூக்கின் கீழ் விரல் வைத்தேன். மழை ஈரத்தில் மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அம்மா இருமினார். கண் திறந்தார்.

"சோத்த கொட்டிட்டேனா?"

"சோறு கெடக்குதும்மா. இனிமே உள்ள போவாத."

"போவாம? சரக்க யாரு எடுக்கறது, நீயா?"

இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இப்போது ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அத்தையின் உத்தரவு. இருந்தும், மதியமானால் நான் போன் போடுகிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். "இன்னாடி, சும்மா சும்மா!" என்று அம்மா எரிந்து விழும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.