ஒரே சேனலில் இரண்டு கம்பெனி

பெங்களூர் தொம்மலூரில் ஒரு டாக்சி கம்பெனியில், ரேடியோவில் வண்டிகளைக் கூப்பிட்டு சவாரி சொல்வது என் வேலை. செல்போன் பணக்காரர் கையில் மட்டும் இருந்த காலம். எங்கள் சேனலையே ஒரு கான்கிரீட் கம்பெனிக்கும் கொடுத்திருந்தார்கள். பேச்சை வாங்கி ஊர் முழுக்க அனுப்பும் ரிப்பீட்டரும் இருவருக்கும் ஒன்றுதான்; ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் அதில் போகும். ஜல்லி, சிமெண்ட், லாரி என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போகும். அவசரமென்றால் "சொல்ப தாரி பிடி அண்ணா" என்று கன்னடத்தில் வழி கேட்பேன். அந்தப் பக்கத்து ஆள், "ஆயித்தம்மா, மாத்தாடி" என்று ஒதுங்கி என்னைப் பேச விடுவார். முகம் தெரியாத மனிதருக்கு அவ்வளவு மரியாதை.

பயணிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று முதலாளி ஒருவனைக் கூட்டிவந்து, கம்பெனிக்கு ஒன்றாக, டோன் என்ற அடையாள ஒலியை ரேடியோக்களில் போடவைத்தார். அதன்பின் எங்கள் ஆட்கள் பேசினால்தான் எங்கள் ஸ்பீக்கர் திறக்கும். அவர்களுக்கும் அப்படியே. இடைஞ்சல் ஒழிந்தது என்று முதலாளி இனிப்பு கொடுத்தார். எங்கே ஒழிந்தது? காதுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சேனல் அதேதான்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா ஆபீசுக்கு போன் செய்தாள். கோலார் சுரங்கத்துத் தூசி அப்பாவின் நெஞ்சில் கட்டிப்போயிருந்தது.

"மூச்சு இழுக்குதுடி. பையன் எங்கன்னு கேட்டுக்கினே கீறாரு. தம்பிய கூட்டிக்கினு வந்துடு."

தம்பி எங்கள் கம்பெனியிலேயே டிரைவர். கூப்பிட்டேன், பதில் இல்லை. சேனலில் ஆள் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவேயில்லை. டோனை மீறிக் கேட்கும் பட்டனை அழுத்தினேன். எங்கோ தளம் போடுகிறார்கள். லாரி மேல் லாரி, பேச்சு மேல் பேச்சு. "தாரி பிடி அண்ணா" என்று கத்தினேன். கான்கிரீட் கம்பெனிக்காரர் குரல் எனக்குக் கேட்டது, டோன் இருப்பதால் என் குரல் அவருக்குக் கேட்க வழியில்லை. அவர் நிறுத்தினால், நான் வாயைத் திறப்பதற்குள் லாரிக்காரன் புகுந்துவிடுவான். டோன் போட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அழுதேன். விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவும் முடியவில்லை. நான் போய்விட்டால் தம்பியை யார் கூப்பிடுவது?

அவர்கள் டீ குடிக்கப் போனபோதுதான் சேனல் ஓய்ந்தது. முதல் அழைப்புக்கே "சொல்லுக்கா" என்றான். பக்கத்தில்தான், அல்சூர் ஏரிக்கரையில், சவாரிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். என்னை ஏற்றிக்கொண்டு போகும் வழியெல்லாம், "ரேடியோ ஆன்லதான்க்கா இருந்துச்சு, ஒரு சத்தமும் வர்ல" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

வார்டு வாசலில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"ரெண்டு பேரும் வந்துக்கினே கீறாங்க, வந்துக்கினே கீறாங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன்" என்றாள். "கடைசீல, நான் பொய் சொல்றேன்னு நெனச்சுக்கினாரு."