அம்மை இறங்கிய வீட்டில் ஒரு முட்டை

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு குழி. அக்கா மகளின் கணுக்காலுக்கு மேலே, தோட்டத்து மருந்தகத்தின் டிஸ்பென்சர் பெருவிரலை அழுத்தி எடுத்த இடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடமாகியும் சதை மேலே வரவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை அழவில்லை. அழுத்தியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியன். அதே தோட்டத்தில் கொழுந்து பறித்த அக்கா, ஒரு மாதத்துக்கு முன் அடுத்த குழந்தையைப் பெற்று, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தாள். இந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் உப்பத் தொடங்கினாள். கன்னம் தொங்கியது, கால் பளபளத்தது. தேறி வருகிறாள் என்று எடுத்துக்கொண்டோம். ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"என்னாடி, தொரசாணி புள்ளை மாதிரி கொழுத்துப் போச்சு?"

"முடியப் பாரு, செம்பட்டை. தொர பங்களாப் பக்கம் எப்பவாவது போனியா?"

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வாரம்தான் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் 'உடலை வளர்ப்பது புரதம்' என்று எழுதி, கீழே முட்டை, மீன், பால், பருப்பு என்று வரிசைப்படுத்தியிருந்தேன்.

அன்று காலை டிஸ்பென்சர் பிள்ளையின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதித்தது. நிறம் மாறவில்லை.

"வெள்ளையாத் திரண்டிருந்தா கிட்னின்னு சொல்லுவேன். தெளிவா இருக்கு. என்னா குடுக்கிற இதுக்கு?" என்று அக்காவிடம் கேட்டார்.

"மூணு வேளையும் கஞ்சிங்க ஐயா. ரொட்டி, பாலில்லாத சாயத்தண்ணி."

"பருப்பு?"

"அம்மை பாத்த வயித்துக்குச் சூடுங்க."

"முட்டை, மீனு?"

"ஆத்தா திருவிழா முடியற வரைக்கும் கவிச்சி சேக்கிறதில்லைன்னு அவரு வேண்டியிருக்காருங்க."

"அப்ப பிள்ளைய ஆத்தாளுக்கே குடுத்திரு," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், தெனமும் ஒரு முட்டை. இல்லாட்டி இது நிக்காது. பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லிக் குடுக்கிறதில்லையா?"

அவர் விளக்கில் பார்த்தது என்ன என்பதைப் பின்னாளில், பத்திரிகைக்குச் சுகாதாரக் கட்டுரை எழுதப் படித்தபோது தெரிந்துகொண்டேன். புரதம் நீண்ட சங்கிலி. தனக்கென்று ஒரு விதத்தில் மடிந்து கிடக்கும். அந்த மடிப்பைக் கொண்டுதான் அது வேலை செய்கிறது. சூடு பட்டால் மடிப்பு அவிழ்ந்து சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி வெள்ளையாகத் திரளும். முட்டை வேகும்போது நடப்பது அதுதான். பிள்ளையின் சிறுநீரில் திரளவில்லை. அப்படியானால் புரதம் வெளியே போகவில்லை, உள்ளே வரவே இல்லை. இரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைப்பதும் ஒரு புரதம். ஈரல் அதைக் கட்ட இருபது வகைக் கண்ணிகள் வேண்டும். சில கண்ணிகள் சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. ஒன்று குறைந்தாலும் சங்கிலி அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிடித்து வைக்க ஆளில்லாத தண்ணீர் சதைக்குள் கசியும். நாங்கள் கொழுப்பு என்று நினைத்தது அந்தத் தண்ணீரை.

தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் பால் மா இருந்தது. ஆனால் அது வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு மட்டும். டிஸ்பென்சர் ஒரு பொட்டலம் தந்தார். அதைக் கரைத்துக் கொடுத்த அன்றே வயிற்றால் போனது. அக்கா நிறுத்திவிட்டாள்.

மறுநாள் கடையில் முட்டை வாங்கிக் கொடுத்தேன். அக்கா அவித்துக் கஞ்சியில் மசித்தாள். பிள்ளை இரண்டு வாய் தின்றது. அக்காவின் கணவர், என் மச்சான், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை முடிந்து பகலிலேயே வந்துவிட்டார். அடுப்புச் சாம்பலில் ஓடு கிடந்தது. அதை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அறைந்தார்.

"யாரு குடுத்தது?"

"நான்தான் மச்சான்," என்றேன்.

"மாப்ள, மொதப் புள்ளை எப்பிடிப் போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். அம்மை போட்ட ஒம்பதாம் நாளு இவ கருவாடு சுட்டா. பத்தாம் நாளு பையன் போயிட்டான். இந்தப் புள்ளைய ஆத்தா எனக்கு உட்டுட்டுப் போயிருக்கா. வாக்குக் குடுத்தவன் நானு."

"இது அம்மை இல்ல மச்சான். புரதம் இல்லாம வீங்குது."

"பள்ளிக்கூடத்துப் பேச்சப் பள்ளிக்கூடத்துல வைங்க. திருவிழா முடியட்டும், நானே கோழி அடிச்சுக் குடுக்கிறேன்."

திருவிழா அடுத்த வெள்ளிக்கிழமை நடக்க வேண்டியது. இரண்டு நாள் கழித்துக் கோயில் தலைவர், தோட்ட நிர்வாகியான துரையிடம் லீவு கேட்கப் போனார். கொழுந்து மலிந்த நேரம், மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள் என்று துரை சொல்லிவிட்டார். மச்சானின் வேண்டுதலும் மூன்று வாரம் நீண்டது. நான் துரையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். என் வேலை துரையின் கையில் இருந்தது. போகவில்லை. அக்காவும் இன்னொரு முட்டை வாங்கவில்லை.

வெளியிலிருந்து புரதம் வராத உடல் தன்னையே பிரித்துத் தின்னும். முதலில் கைச்சதை போனது. பிள்ளையின் கை என் இரண்டு விரல் தடிமனுக்கு வந்தது. தலைமுடி இழுக்காமலே கையோடு வந்தது. தொடையில் தோல் உரிந்தது. முகம் மட்டும் கடைசி வரை உருண்டையாகவே இருந்தது. முட்டை கொடுத்த ஐந்தாம் நாளிலிருந்து எதைக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. பதினோராம் நாள், பகல் பதினொன்றரைக்கு, அக்காவின் மடியில் இறந்தது. மச்சான் வேலையில் இருந்தார்.

"அப்பவும் அந்த முட்டையக் குடுக்காதன்னு சொன்னேன்," என்றார் வந்ததும். அவர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

திருவிழா துரை சொன்ன வெள்ளிக்கிழமை நடந்தது. தீட்டு வீடு என்பதால் அக்காவும் மச்சானும் கோயிலுக்குப் போகவில்லை. மறுநாள் காவல் தெய்வத்துக்கு நான்கு கிடா வெட்டி, லயத்துக்கு லயம் பங்கு போட்டார்கள். அக்கா வீட்டுப் பங்கை வாசலில் வாழையிலையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்றரை றாத்தல் இறைச்சி இருந்தது.