வருடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய்

என் அக்காவைக் கட்டியவருக்கு எங்கள் தெருவில் 'ஒற்றைக்கண்' என்று பெயர். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. வலது கண்ணில் எந்நேரமும் நகை வேலைக்கான லென்ஸைச் செருகிக்கொண்டு அலைவதால் வந்த பெயர் அது. ஒருமுறை லென்ஸோடேயே பால் வாங்கப் போய்விட்டார். கடைக்காரர் அரண்டுபோய், பாக்கெட்டில் இருந்த தேதியைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாராம்.

அத்தான் மோதிரம் செய்பவர். கேட்டவருக்குக் கேட்டபடி, ஒரு மாதிரியில் ஒன்றுதான் செய்வார். நான் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவன். அவருக்கு வேண்டிய கற்களை நான்தான் தீட்டிக் கொடுப்பேன். என் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் அவருக்கு இரண்டு அறை. முன்னறையில் வேலை, பின்னறையில் படுக்கை. அக்கா போய் எட்டு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. "உங்க அத்தான் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்டா. உதிர்ந்தாலும் குறட்டால பொறுக்கி டப்பாவுல போட்டுப்பார்" என்று அக்கா கேலி செய்வாள்.

அவரிடம் இருந்த ஒரே குறை, வேலை சுத்தம் என்பதுதான். அவர் பதித்த கல் ஆடாது. அவர் போட்ட மெருகு மங்காது. மோதிரத்தை வாங்கிப் போனவர் திரும்பி வருவதற்கு ஒரு காரணத்தையும் அவர் மிச்சம் வைக்கமாட்டார். கீழ்த்தளத்தில் இருக்கும் வாட்ச் ரிப்பேர் கடையில் அப்படி இல்லை. பாட்டரி போட, ஸ்ட்ராப் மாற்ற, சர்வீஸ் பண்ண என்று போனவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள். "என்ன சார், பொண்ணு வேலைக்குப் போக ஆரம்பிச்சாச்சா?" என்று கடைக்காரர் விசாரிப்பது மாடி வரை கேட்கும். அத்தான் அரத்தை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பதை நான் சில தடவை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கல்லைக் கொடுத்து, கையோடு கிளம்பியும் வந்திருக்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒரு பல் டாக்டர் படியேறி வந்தார். கையில் ஒரு தடித்த ஃபைல். அதற்குள் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய வாட்ச் படங்கள். எல்லாம் நம்மைப் போன்றவர்கள் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற வாட்சுகள். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"நாப்பது வருஷமா எனக்கு வாட்ச் பைத்தியம். ஆனா ஸ்ட்ராப் பட்டா மணிக்கட்டு தடிச்சு சிவந்துடும். தோல், ரப்பர், ஸ்டீல், எதுவும் ஒத்துக்கல. விரல்ல மட்டும் ஒண்ணும் ஆகாது. அதனால வாட்ச் மாதிரி ஒரு மோதிரம் செஞ்சு குடுங்க. மணியெல்லாம் காட்ட வேண்டாம். அதுக்கு போன் இருக்கு" என்றார் டாக்டர்.

அத்தான் ஃபைலை வாங்கி ஒவ்வொரு படமாக லென்ஸ் வழியே பார்த்தார். ஒரு படத்தில் விரலை வைத்தார். கடலில் மூழ்குகிறவர்கள் கட்டும் வாட்ச் அது. டயலைச் சுற்றி ஒரு வளையம், திருகினால் டிக் டிக்கென்று ஒரே பக்கமாகத்தான் நகரும்.

"இதைச் சுத்த வைக்கலாம்" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான். ஆனால் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பேசினார். எனக்கு அதுவே அதிசயம்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் டாக்டர் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவார். வீட்டில் அவருடைய வாட்ச் புராணத்தைக் கேட்க ஆள் இல்லையாம். அவர் ஆரம்பித்தாலே மனைவி குக்கரைப் பார்க்கப் போய்விடுவாராம். அத்தான் கேட்டுக்கொண்டே மோதிரத்தின் மாதிரியை மெழுகில் செதுக்குவார். விளிம்பு முழுக்க நாணயத்துக்கு இருப்பதுபோல மெல்லிய பற்கள் வேண்டும்.

"நீங்களும் பல்லு செதுக்குறீங்க, நானும் பல்லு செதுக்குறேன். ஆனா உங்க ஆளு கத்தமாட்டான்" என்பார் டாக்டர். அத்தான் சிரித்தார். அடுத்த வாரம் டாக்டர், தான் பல்லுக்கு மாதிரி செதுக்கும் மெழுகுக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தான் அதைத் தன் சாமான்களோடு சேர்க்காமல், தனியாக ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

டயலுக்குப் பதிலாக நான் ஒரு நீலக்கல் தீட்டினேன். மேலே வாட்ச் கண்ணாடி மாதிரி மெல்லிய மேடு. அடியில் நடுவிலிருந்து ஓரம் வரை நூல் நூலாகக் கோடுகள். கையைச் சாய்த்தால் வெளிச்சம் கல்லுக்குள் சுற்றி வரும். சுற்றும் வளையத்தில் பதினொரு வெள்ளைக் கல், பன்னிரண்டு வரும் இடத்தில் ஒரு சிவப்பு. என் வேலையை நானே புகழக்கூடாது. ஆனாலும் அது நல்ல வேலை.

போட்டுப் பார்க்க வெள்ளியில் ஒரு மாதிரி மோதிரம் செய்தால் போதும். அத்தான் மூன்று செய்தார். டாக்டரின் விரலை ஏழு தடவை அளந்து, தடவைக்கு ஒரு சீட்டில் குறித்தார். அந்த ஏழு சீட்டையும் நான் பார்த்தேன். ஏழிலும் ஒரே அளவு. சனிக்கிழமைகளை இழுத்துக்கொண்டே போகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எவ்வளவு இழுத்தாலும் வேலை ஒருநாள் முடியத்தானே வேண்டும். டாக்டர் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வளையத்தைத் திருகினார். டிக். இன்னொரு டிக். காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை திருகினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டு வாங்க. ஒரு சொட்டு எண்ணெய் விடணும். அடுத்த வருஷம் இதே மாசம்" என்றார் அத்தான்.

"சர்வீஸா? அசல் வாட்ச்தான் போங்க" என்று டாக்டர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டுப் போனார்.

அவர் படியிறங்கும்வரை நான் பொறுத்திருந்தேன். "அதுக்கு எதுக்கு அத்தான் எண்ணெய்? விட்டா அழுக்குத்தான் சேரும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"வாட்ச் மாதிரி வேணும்னு கேட்டார்ல, மாப்ள. வாட்சுன்னா சர்வீஸ் உண்டுல்ல."

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வருடத் தொழிலில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

வருடம் ஓடியது. அந்த மாதம் பிறந்ததும் அத்தான் முக்காலிக்குப் புதிதாக மெத்தை தைத்துப் போட்டார். கீழே வாட்ச் கடையிலிருந்து எண்ணெய்ப் புட்டி ஒன்று வாங்கி வைத்தார். சனிக்கிழமைகளில் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்தார். ஒரு சனி, இரண்டு சனி. மூன்றாம் வாரம் கல் கொடுக்கப் போனபோது மேசைமேல் ஒரு கூரியர் டப்பா இருந்தது. உள்ளே மோதிரமும் ஒரு சீட்டும். சீட்டை அத்தான் என்னிடம் நீட்டினார்.

'மகனுடைய ஊருக்கே குடிவந்துவிட்டோம். மோதிரம் அருமையாக இருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். நன்றி.'

கீழே புது விலாசம்.

"அனுப்பிடுங்க, வேற என்ன" என்றேன்.

அத்தான் வளையத்தைத் திருகிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் புட்டியைத் திறந்து, ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து விட்டு, பின் அதைத் துணியால் ஒற்றி எடுத்தார். "நேர்லயே குடுத்துட்டு வர்றேன். ரயில் ஆறு மணி நேரம்தான்" என்றார்.

நான்கு நாள் கழித்துப் போனேன். அடுத்த வேலைக்கு ஒரு பச்சைக்கல் கொடுக்க வேண்டியிருந்தது. "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"பெரிய அடுக்குமாடி. கேட்லயே செக்யூரிட்டி நிறுத்திட்டார். மேல போன் போட்டார்."

"நீங்கன்னு சொன்னீங்களா?"

"அந்த செக்யூரிட்டி கூரியரான்னு கேட்டார்." அத்தான் பச்சைக்கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமான்னுட்டேன். அவரே மேல கொண்டுபோய், ஒரு சீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வந்து குடுத்தார்."

டிராயரிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். டாக்டருடைய கையெழுத்து. மனிதர் மேலேதான் இருந்திருக்கிறார். இவர் கீழே நின்றுவிட்டு, ஆறு மணி நேரம் திரும்பி வந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டரைத் திட்டினேன், செக்யூரிட்டியைத் திட்டினேன், வாயிருந்தும் சொல்லாமல் வந்த அத்தானையும் திட்டினேன். அவர் பச்சைக்கல்லின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருக்கிறது என்றார். பாதிப் படியில் இறங்கும்போதுதான், இந்த எட்டு வருடத்தில் கல் இல்லாமல் நான் எத்தனை தடவை இந்தப் படி ஏறியிருக்கிறேன் என்று யோசித்தேன். ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இருப்பதோ இரண்டே தெரு தள்ளி.

மறுநாள் காலை வெறுங்கையோடு போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அத்தான் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு, கல் பொட்டலத்துக்காகக் கையை நீட்டினார்.

"கல் ஒண்ணும் இல்ல அத்தான். சும்மாதான் வந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. நீட்டிய கையை மடக்காமல் என்னையே பார்த்தார்.

"ஏன், நேத்துக் குடுத்த கல்லு திரும்ப வேணுமா?" என்றார்.