மூன்று மடியில் ஒரு மைக்ராஸ்கோப்

போன வாரம் காரியாபட்டி பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் ஒரு புட்டியைத் திறந்தார். ஸ்பிரிட் வாசனை! அவ்வளவுதான்… எனக்குப் பல் கிட்டத் தொடங்கிவிட்டது. யுத்த காலத்துக் காய்ச்சல் ஒன்று, வெயிலைப் போர்த்திக்கொண்டு எதிரே வந்து நின்றது.

அப்போது நான் திருச்சுழிப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் தமிழ் வாத்தியார். ஊருக்கே ஒரு மைக்ராஸ்கோப். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து வாங்கியது. இருந்தது எங்கள் லாபரட்டரியில்.

ஒருநாள் பள்ளி விட்ட பிறகு, யாரோ அதில் கருங்கண்ணிப் பஞ்சின் இழையை வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஸயன்ஸ் ஸாரின் மைத்துனர் பஞ்சுத் தரகர் — வேறு யாராக இருக்கும்? ஹெட்மாஸ்டர் கொதித்தார். பூட்டலாம்; சாவியை யாரை நம்பிக் கொடுப்பது?

பிறந்தது ஒரு சட்டம். கடைசி மணி அடித்ததும் மைக்ராஸ்கோப்பைக் கழற்ற வேண்டும். மேல் லென்ஸ் ஹெட்மாஸ்டர் மடியில். அடி லென்ஸ் ஸயன்ஸ் ஸார் மடியில். வெளிச்சம் காட்டும் கண்ணாடி கிளார்க் காதர் பாய் மடியில். ஒருவர் பாகம் இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது!

ஒரு சனிக்கிழமை, பள்ளி விட்ட மத்தியானம், எனக்குக் குளிர் கண்டது. டாக்டர் ஸ்பிரிட்டால் துடைத்து விரலைக் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவினார்.

"மலேரியா மாதிரித்தான் இருக்கு. ஆனா கொயினா மருந்து ரெண்டு பேருக்குத்தான் மிச்சம். ரத்தத்துல கிருமி தெரியாமத் தர மாட்டேன். போயி மைக்ராஸ்கோப்பைக் கூட்டிட்டு வாங்க."

ஆமாம். கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஹெட்மாஸ்டர் சாப்பாட்டிலிருந்து எழுந்தார். "லென்ஸைத் தர முடியாது. நானே வாரேன்."

ஸயன்ஸ் ஸார் சர்ச்சில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார். "அவுக வாராகளா? அப்ப நானும் வாரேன். இல்லாட்டி எம்மேல பழியைப் போட்டுருவாக."

காதர் பாயின் ஒரு கால், அவர் சொந்த ஊரான வீரசோழனுக்குப் போகும் பஸ்ஸின் படியில் இருந்தது.

"இதை விட்டா நாளைக்குத்தான் பஸ்ஸு, ஸார். கண்ணாடியை வாத்தியார்ட்டக் கொடுத்துட்டுப் போயிரட்டா?"

"கொடுத்துட்டு அப்படியே ஊர்லயே இருந்துக்கிரும்!" என்றார் கூடவே வந்திருந்த ஹெட்மாஸ்டர். பாய் இறங்கினார். பஸ் புழுதியைக் கக்கிவிட்டுப் போனது.

மைக்ராஸ்கோப்பின் மிச்ச உடலைத் தூக்குவது யார்? சட்டத்தில் அதற்கு ஆள் குறிக்கவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நானே தூக்கினேன். கரிசல் கொதிக்கும் வெயிலில் நான் நடுங்கி நடக்க, பின்னால் மூன்று பேர் மடியைப் பிடித்துக்கொண்டு…

ஆஸ்பத்திரியில் அவரவர் பாகத்தை அவரவர் மாட்டினார்கள். டாக்டர் குனிந்தார்.

"இருக்கு! கிருமி இருக்கு!"

"எங்க, எங்க?" என்று ஹெட்மாஸ்டர் அவரை விலக்கினார். இத்தனை நாள் காவல் காத்தவர், அன்றுதான் முதல்முறையாக அதில் கண்ணை வைக்கிறார்! பிறகு ஸயன்ஸ் ஸார். பிறகு பாய். மறுபடி ஹெட்மாஸ்டர். என் ரத்தத்துக்கு வரிசை. நானோ கொயினாவுக்கு வாயைத் திறந்தபடி!

யாரும் தொடாமல் இருந்தாலே ஒரு பொருள் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம், இல்லையா?

ஒருவழியாகக் கசப்பு தொண்டையில் இறங்கியது. மூவரும் கழற்றினார்கள், மடியில் முடிந்துகொண்டார்கள். வாசலில் ஹெட்மாஸ்டர் என் தோளைப் பரிவோடு தொட்டார்.

"அடுத்த தடவையாச்சும் வாத்தியாரே, மணி அடிக்கிறதுக்கு முந்தியே காய்ச்சலை வரச் சொல்லுங்க."