திம்மிசு அடித்த பாத்தி

மண்ணை இறுக்குவதுதான் என் பிழைப்பு. தாராவியில் சந்துகளை உயர்த்திக்கொண்டே போவார்கள், வீடுகள் பள்ளமாகிவிடும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். இடித்த கட்டடத்தின் செங்கல், சிமெண்ட் துண்டுகளை இங்கே ரேபிட் என்போம். அதைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திம்மிசால் அடித்து, மேலே தரை போடுவேன். திம்மிசு என்றால் அடியில் இரும்பு வைத்த கனமான கட்டை. அடிக்க அடிக்க மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளியே போகும். காற்று போகாத தரை முதல் மழையிலேயே உள்வாங்கும். நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்துதான் வேலைக்குப் போகிறோம்.

மாட்டுங்காவில் ஒரு வீட்டில் தரை மாற்றினோம். அந்த வீட்டு அம்மா ஒரு பொட்டலம் விதை கொடுத்தார்.

"ராட்சஸ மத்தனாம். பிள்ளை வெளிநாட்டுலேர்ந்து அனுப்பினான். பால்கனில இத எங்கே வெக்கறது? நீங்க எடுத்துண்டு போங்கோ."

மத்தன் என்று அவர்கள் சொல்வது எங்கள் பூசணி. ஆள் உள்ளே உட்காரும் அளவுக்குக் காய்க்கும் ஜாதி. வீடியோ போட்டுப் பார்த்தேன். என் புத்தி அதோடு கெட்டது.

எங்கள் அறைக்குப் பின்னால் இடிந்த கக்கூஸ் இருந்த இடம் சும்மா கிடந்தது. இடித்து மாடி வீடு கட்ட, இந்த வரிசை முழுவதையும் மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஏழாவது மாடியோ எட்டாவது மாடியோ, கொடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கே மண் ஏது? காய்த்தால் இந்தப் பருவத்தில் காய்க்க வேண்டும். இல்லையென்றால் இந்த ஜன்மத்தில் இல்லை.

போட்ட விதைகளில் ஒன்றுதான் முளைத்தது. மற்றதெல்லாம் அழுகிப்போனது. மண்ணில் காற்று இல்லை. தொழில்காரனுக்கு அது தெரியாதா? கடப்பாரையால் ரேபிட்டை நோண்டி எடுத்தேன். சயானில் இளநீர்க்காரன் எறிந்த மட்டையைப் பிய்த்து நாராக்கினேன். காய்ந்த இலை, பருமணல், செம்பூர் மாட்டுத் தொழுவத்து மக்கிய சாணி எல்லாம் கலந்து, முளையை அதில் மாற்றி வைத்தேன். பழைய பிளாஸ்டிக் பைப்பில் ஓட்டை போட்டு, காற்று உள்ளே போகட்டும் என்று சுற்றிலும் செங்குத்தாகப் புதைத்தேன். பாத்தியில் கால் படக் கூடாது என்று குறுக்கே பலகை போட்டு, அதில் உட்கார்ந்துதான் தண்ணீர் விடுவேன். சந்து முழுக்கச் சிரித்தது.

"என்ன அத்தான், செடிக்கு ஆக்சிஜன் வச்சிருக்கீகளா? ஐசியூ மாதிரிலா இருக்கு!" என்றான் மச்சினன்.

"வாய மூடுல."

கொடி ஓடியது. இலை ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவு. ஒரு பிஞ்சு பிடித்து, தேங்காய் அளவுக்கு வந்து, நாளுக்கு நாள் ஊதியது. வேலையிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். கை வைத்தால் சூடாக இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தாணேயில் பெரியப்பா செத்துப்போனார். காரியம் முடியும்வரை நானும் மனைவியும் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. மச்சினனிடம் தண்ணீர் மட்டும் ஊற்று என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. பாத்தியில் தண்ணீர் தேங்கி நின்றது. பலகையைக் காணவில்லை. மேல்மண் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியும்.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான். "அத்தான், கால வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போவுது. நீங்க மண்ணு நிரப்புன பில்லிங்கா இதுன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. ரெண்டு கூடை ரேபிட் போட்டுத் திம்மிசு அடிச்சு விட்டுட்டேன். கொடியில ஒரு அடி படல. எலி போவும்னு பைப்பு வாயெல்லாம் சிமெண்ட் வச்சு அடச்சாச்சு. ஏக்தம் பக்கா!"

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் அம்மாவையும் இழுத்தேன், அவள் என் மாமியார் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. அவன் திருதிருவென்று முழித்தான்.

"வேலய அரைகுறையா விடக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவிய?"

"நல்லதுக்குத்தான செஞ்சான், விடுங்க" என்றாள் மனைவி. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் அடித்தாவது தீர்த்திருப்பேன்.

ஒரு இரும்புக் கம்பியை இறக்கி மண்ணைக் கிளப்பப் பார்த்தேன். கம்பியோடு வெள்ளை வேர் கொத்தாக வந்தது. கிளப்பினாலும் சாகும், விட்டாலும் சாகும். கம்பியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கொடி நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. காய் காம்பில் அழுகி, ஒரு காலையில் விரலால் தொட்டதும் உள்ளே போய்விட்டது. மனைவி வாளியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினாள். அதற்கு முன்னால் விதை ஏதாவது முற்றியிருக்கிறதா என்று தேடினேன். எல்லாம் வெறும் தோல்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரன் தன் மோட்டார் சைக்கிளைப் பாத்தி இருந்த இடத்தில் நிறுத்துகிறான். கேட்கக்கூட இல்லை. நான் என்ன சொல்ல, இன்னும் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் இடிக்கப்போகிறார்கள். நேற்று பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தேன். அவ்வளவு கனமான வண்டி, ஸ்டாண்டு மண்ணுக்குள் ஒரு நூல்கூட இறங்கவில்லை.